ஓவர்டைம் வரிச் சலுகை: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று சட்டமான புதிய வரிச் சலுகைகளைப் பற்றி வந்த செய்திகளில் பெரும்பாலானவை ‘ஓவர்டைமுக்கு வரி இல்லை, டிப்ஸுக்கு வரி இல்லை’ என்ற தலைப்போடு நின்றுவிட்டன. இங்குள்ள தமிழர்களுக்கு வரிப் படிவம் நிரப்ப உதவி வருபவன் என்ற முறையில், அந்தத் தலைப்புகளை நம்பிப் பல ஆயிரம் டாலர் திரும்ப வருமென்று எதிர்பார்த்து, வராத பணத்துக்கு இப்போதே செலவு எழுதி வைத்திருப்பவர்களைப் பார்க்கையில் மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

மணிக்கு 30 டாலர் சம்பளம் வாங்கும், மணமாகாத ஒரு மருத்துவமனை ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டில் 200 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால், ஒன்றரை மடங்கு வீதம் 9,000 டாலர் கிடைக்கும். இந்த முழுத் தொகைக்கும் வரி இல்லை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சட்டம் விட்டுக்கொடுப்பது வழக்கமான கூலிக்கு மேல் கிடைக்கும் அந்த அரை மடங்கை மட்டுமே. அதாவது 3,000 டாலர். அதுவும் வரியிலிருந்து நேரே கழியாது, வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்துதான் கழியும். அவர் 22 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவர் என்பதால் மிச்சம் 660 டாலர். அதே சம்பளத்தில் குடும்பத்தின் ஒரே வருமானமாக, மனைவியோடு சேர்ந்து படிவம் அளிப்பவருக்கு 12 சதவீதம்தான் என்பதால் 360 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தங்கள் 9,000 டாலருக்கும் உண்டு. மாநில வருமான வரி தனிக் கணக்கு. மத்திய அரசு விட்டதை மாநிலமும் விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சம்பளச் சீட்டில் ஓவர்டைம் ஒரே தொகையாக அச்சாகியிருந்தால், ஒன்றரை மடங்குக் கணக்கில் அதை மூன்றால் வகுத்தால் கழிவுக்குரிய பகுதி கிடைத்துவிடும். தனி நபருக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 12,500 டாலர். மாதச் சம்பளத்தில் இருக்கும் மென்பொருள் துறையினரில் பெரும்பாலோர் ஓவர்டைம் சட்டத்துக்கு வெளியே இருப்பதால், அவர்களுக்கு இதனால் பயனில்லை.

65 வயதை எட்டியோருக்கான கூடுதல் கழிவு ஆளுக்கு 6,000 டாலர். பிள்ளைகளோடு தங்கியிருக்கும் கிரீன் கார்டு பெற்றோர் பலர் இதைக் கேட்கிறார்கள். இருவரும் 65 வயதைக் கடந்த தம்பதிக்கு 2025ஆம் ஆண்டில் 34,700 டாலர் வரை ஏற்கெனவே வரி கிடையாது; ஊரிலிருந்து வரும் ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து அதற்குள் அடங்கினால், புதிய கழிவால் ஒரு காசும் மிஞ்சாது. தம்பதியின் வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினாலோ கழிவு குறையத் தொடங்கி, 2,50,000 டாலரில் முற்றிலும் நின்றுவிடும்.

கார் கடன் வட்டிக்கான சலுகையைக் காட்டி விற்பனையாளர்கள் ஆசை காட்டுவதும் கவலைக்குரியது. 40,000 டாலரை 7 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 2,580 டாலர். 22 சதவீத வரம்பில் மிச்சம் ஏறத்தாழ 570 டாலர்தான். அதற்கும் கார் புதியதாகவும் அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கென்டக்கியில் தயாராகும் டொயோட்டா கேம்ரிக்குக் கிடைக்கும் சலுகை, மெக்சிகோவில் தயாராகும் அமெரிக்க நிறுவனக் காருக்குக் கிடைக்காது.

ஓவர்டைம், டிப்ஸ், முதியோர், கார் கடன் வட்டி ஆகிய இந்த நான்கு கழிவுகளும் 2025 முதல் 2028 வரைக்குமே உரியவை. ஆகவே இத்தகைய மாதிரிக் கணக்குகளைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். குறிப்பாக, சலுகையை மிகையாக மதிப்பிட்டு, வரிப் பிடித்தத்துக்காக வேலை தருபவரிடம் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி மாதப் பிடித்தத்தைக் குறைத்துக்கொள்வோர், ஆண்டு முடிவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்தால் அபராதமும் கட்ட நேரிடலாம் என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி