ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் இரண்டு மாதம் நீங்கலாக நடந்தன. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நாள் போய் வந்தோம். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. மறைந்த மூத்த உறுப்பினருக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி ஊர்ப்பெயர் ஏடு, அதாவது கடல் கடந்தவர்களின் ஊரைக் கண்டுபிடிக்க உதவும் வட ஆர்க்காட்டுக் கிராமப் பெயர்ப் பட்டியல். நேரமும் சங்கப் பணமும் இதற்கே போகின்றன என்று செயற்குழுவில் இருமுறை கேட்கப்பட்டது. அதற்கான பதிலை விரிவாகவே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: கொள்ளுத்தாத்தா வட ஆர்க்காட்டுக்காரர், நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தார், ஊர் தெரியாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. தேடல் அந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர ஊரிலிருந்து அல்ல.

எண் எங்கே கிடைக்கும்? ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, நேட்டாலில் பதிந்த திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். அவை இல்லாவிட்டால் இறந்தவரைப் பற்றிய அறிவிப்புப் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பெற்றோர், மனைவி, பிள்ளைகளின் பெயர்களும் பிறந்த இடமும் அதில் இருக்கும். பிறகுதான் கப்பல் பட்டியலைத் தொட வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம், வேலை கொடுத்தவர் என்று வரிசையாக அதில் வரும். டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைத் தேடலாம்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பட்டியலில் குடும்பப் பெயர் என்ற பத்தியே கிடையாது. கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். முனுசாமி என்ற ஆளின் சொந்தப் பெயரே பேரன்களுக்கு மூன்சாமி என்ற குடும்பப் பெயராக நின்றுவிட்டதும் உண்டு. ஆகவே அதே பெயரைத் தகப்பன் பெயர்ப் பத்தியிலும் தேட வேண்டும். ஆண்டையும் சோதிக்க வேண்டும். 1866க்குப் பிறகு 1874 வரை கூலிக் கப்பல்கள் நின்றிருந்தன. 1870இல் வந்தார் என்று வீட்டில் சொன்னால் ஆண்டு தவறாயிருக்கலாம், அல்லது அவர் மொரீசியஸ் வழியாகவோ சொந்தச் செலவிலோ வந்தவராயிருக்கலாம். சொந்தச் செலவில் வந்தவர் கூலிப் பட்டியலில் இருக்கமாட்டார். பட்டியலில் காணும் வயதைக் குத்துமதிப்பாகவே கொள்ள வேண்டும். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று வட்ட எண்ணாகவே பல பதிவுகள் இருக்கும்.

அடுத்தது ஜில்லா. வட ஆர்க்காடு என்று எழுதியிருந்தால் உடனே வேலூரைச் சுற்றித் தேடக்கூடாது. 1911 வரை அந்த ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். சந்திரகிரி, பலமனேர், புத்தூர், காளஹஸ்தி எல்லாம் அதில் அடக்கம். அவை இன்று ஆந்திரத்தில் இருக்கின்றன. திருப்பத்தூரோ அப்போது சேலம் ஜில்லா. 1911இல்தான் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. 1989இல் திருவண்ணாமலையும், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஒரே ஊர்ப்பெயரில் நான்கு கிராமங்கள் இருக்கும்போது தாலுகாப் பத்திதான் துணை.

அந்த ஊர்ப்பெயரையும் குமாஸ்தா காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். குப்பம் கூப்பமாகும், பட்டு புட்டாகும், சில இடத்தில் பேட்டையோடு கலந்துவிடும். ழகரம் ஓர் இடத்தில் லகரமாகவும் இன்னோர் இடத்தில் ரகரமாகவும் இருக்கும். நம் ஏட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தமிழ்ப் பெயர், அன்றைய தாலுகா, இன்றைய வட்டம், ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடிய வடிவங்கள் என நான்கு பத்திகள். அடிப்படை, 1951 மக்கள்தொகைக் கணக்கின் மாவட்டக் கையேட்டில் உள்ள கிராமப் பட்டியல். வேலூர், குடியாத்தம், போளூர் முடிந்தன. வாலாஜா பாதி. ஆரணியும் வந்தவாசியும் தொடங்கவே இல்லை.

ஊரைக் கண்டுபிடித்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899இல். அதற்கு முன் கப்பலேறியவருக்குப் பிறப்புப் பதிவு கேட்டு அலைய வேண்டாம். போனவர்களில் பலர் நிலமற்றவர்கள் என்பதால் பட்டாவிலும் பெயர் இராது. ஊர் ஊழிய மானியம் பெற்ற குடும்பமாக இருந்தால் மட்டும் மானிய நிலங்களைப் பதிந்த 1860களின் இனாம் பதிவேட்டில் அகப்படும். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம். இணையத்தில் வில்லங்கம் பார்ப்பதும் அவ்வளவு பழைய காலத்துக்கு உதவாது.

கைகொடுப்பது கோயில் தலைக்கட்டு வரி நோட்டு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கிய வரியின் கணக்கு. பழைய நோட்டு எந்தப் பங்காளி வீட்டுப் பரணில் இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். கப்பல் பட்டியலில் அவருடைய எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து எண்களையும் படிக்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள் அடுத்தடுத்த எண்ணில் நிற்பார்கள். அண்ணன் தம்பியும் அங்கேயே அகப்படலாம்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்திருந்ததை மட்டும் வைத்து ஒரு குடும்பத்துக்கு ஊரைச் சொல்லிவிட்டார். அவர்கள் கடல் கடந்து வந்து அங்கே பொங்கலும் வைத்துவிட்டுப் போனார்கள். தாலுகாவைச் சரிபார்த்தபோது அது அவர்களுடைய ஊர் அல்ல என்று தெரிந்தது. அவர்களுக்கு அதை எழுத வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. சின்னசாமி மகன் முனுசாமி ஒரே ஊரில் மூன்று பேர் இருக்கக்கூடும். ஊர், தகப்பன் பெயர், இவற்றோடு உடன்பிறந்தார் பெயரோ குலதெய்வமோ ஒன்றாவது ஒத்துவராமல் சங்கத்தின் பெயரில் இனி யாரும் பதில் எழுதக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவருகிறேன்.

சந்தாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. தங்கள் குடும்பத்தின் தேடல் முடிந்த மறுமாதமே கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியவர்களும் உண்டு. கையேட்டின் நகல் பக்கங்களை வாங்கிப்போய்த் திருப்பித் தராததால்தான் வாலாஜா பாதியில் நிற்கிறது. ஏடு எழுத முன்வந்த ஆறு பேரில் கடைசிவரை வந்தவர்கள் இருவர். அந்த இருவரும் ஓய்வுபெற்ற பெண் ஆசிரியர்கள். சங்கம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நகல் எடுக்கும் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது, நன்கொடை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, கையிருப்பு கொஞ்சம் இருக்கிறது. கூட்டத்துக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், தணிக்கை செய்தவருக்கும், நோட்டுகளைப் பார்க்க அனுமதித்த கோயில் நிர்வாகிகளுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நான் இந்தப் பொறுப்பில் தொடர்வது உறுப்பினர்கள் கையில் இருக்கிறது. வேறொருவர் ஏற்றுக்கொண்டால் ஏட்டை முழுமையாக ஒப்படைக்கத் தயார். நானே தொடர வேண்டுமென்றால் வட்டத்துக்கு இருவர் வேண்டும், சந்தாவும் வேண்டும். பரணில் கிடக்கும் தலைக்கட்டு நோட்டுகளைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. வீடு இடித்துக் கட்டும்போது பழைய காகிதக்காரரிடம் போனவையும் உண்டு. உங்கள் பங்காளி வீட்டில் ஒன்று இருந்தால் வாங்கி வரக்கூட வேண்டாம், பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதி அனுப்பினால் போதும்.

ஆரணி, வந்தவாசி வட்டங்களின் கிராமப் பட்டியல் நகல்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. எடுப்பவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுக்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்