மகள் ஆபீசர் ஆகும் நேரத்தில்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. கண்மணி பரங்கிமலையில் பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆகப்போகிறாள் என்று படித்ததும் சாவித்திரியைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

"சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருந்தாயே. உனக்குத் தைரியம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மனசில் வந்து நின்றதோ அருண் கேத்தர்பால்.

1971 ஜூன் மாதம் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்ட்டாகச் சேர்ந்த பையன். ஆறு மாதத்தில் போர். டிசம்பர் 16, ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் படை பிடித்திருந்த இடத்தை மீட்கப் பாகிஸ்தானின் டாங்கிகள் அலை அலையாக வந்தன. கண்ணிவெடிகளை முழுசாக அகற்றுவதற்குள்ளேயே நம் டாங்கிகள் ஆற்றைக் கடந்திருந்தன. ஜர்பால் கிராமத்துப் பக்கம் நடந்த சண்டையில் எதிரியின் பத்து டாங்கிகள் அழிந்தன; அதில் நான்கு அருண் அடித்தவை. அவனுடைய டாங்கியிலும் குண்டு விழுந்து தீப்பிடித்தது, அவனுக்கும் பலத்த காயம். இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கியை விட்டு வரமாட்டேன் என்றான். தான் விலகினால் அந்த வழியாக எதிரி உள்ளே வந்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். மறுபடியும் ஒரு குண்டு. அவ்வளவுதான். வயது 21. மறுநாள் போர் நின்றுவிட்டது ராமு. ஒரே ஒரு நாள்! அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போர்க்கள வீரத்துக்கு நம் நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். 'ஃபமகுஸ்டா' என்ற அந்த டாங்கியைச் சரிசெய்து மகாராஷ்டிராவில் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவனுடைய அப்பாவைப் பற்றி. அவரும் ராணுவக்காரர், பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால். பிறந்த ஊரான சர்கோதாவைச் சாவதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று 2001இல், எண்பது வயதுக்கு மேல், பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்து அப்படிக் கவனித்துக்கொண்டவர் க்வாஜா முகமது நாசர் என்ற ஓய்வுபெற்ற பிரிகேடியர். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நாசர் மனசைத் திறந்தார். அன்றைக்கு எதிர் டாங்கியில் இருந்தது தான்தான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்றார். அவ்வளவு சின்ன வயசுப் பையன் என்பதே தனக்குப் பிறகுதான் தெரிந்தது என்றார்.

அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. முப்பது வருஷமாக மகனைச் சுமந்த மனிதர், மகனைக் கொன்றவரின் சோற்றைத் தின்றுவிட்டு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அந்த ராத்திரி அவர் தூங்கியிருப்பாரா என்றுதான் அடிக்கடி யோசிக்கிறேன். நீயும் நானும் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்போம்? எனக்குப் பதில் வரவில்லை.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. தூக்கம் வராத அப்பாக்களில் நீ முதல் ஆள் இல்லை, அவ்வளவுதான். கண்மணியிடம் உன் பயத்தை மறைக்காதே. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

சரி, அணிவகுப்பு என்றைக்கு என்று தேதியை எழுது. சாவித்திரி இப்போதே பட்டுப்புடவையை எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். முந்தின நாளே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
சண்முகம்