கடன் கணக்கில் வந்த சிறு வரவும், நவம்பர் 30-க்குள் கேட்க வேண்டிய கடனும்

நவம்பர் 2020

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலரது கடன் ஸ்டேட்மென்ட்டில் 'எக்ஸ்கிரேஷியா' (அரசு தரும் கருணைத் தொகை) என்ற பெயரில் ஒரு தொகை வரவாகியிருக்கும். கொரோனாவுக்காகத் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான ஆறு மாத வட்டி தள்ளுபடியாகிவிட்டதா என்பதுதான் இப்போது எங்களுக்கு வரும் போன்களில் முக்கால்வாசி. இல்லை. தள்ளுபடியானது வட்டிக்கு வட்டி மட்டும்.

பிப்ரவரி 29 அன்று 10 லட்சம் பாக்கி, வட்டி 12 சதவீதம் என்று வையுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தனி வட்டி ரூ.60,000, மாதாமாதம் அசலோடு சேர்த்தால் ரூ.61,520. நடுவில் உள்ள ரூ.1,520-ஐத்தான் அரசு தருகிறது. வங்கி நாள் கணக்குப் பார்ப்பதால் சில ரூபாய் முன்பின் இருக்கலாம். தவணையை நிறுத்தாமல் கட்டியவர்களுக்கும் இது உண்டு. ஆகஸ்டுக்கு முன்பே கடனை முடித்தவர்களுக்கு, முடித்த நாள்வரை கணக்கிட்டு சேமிப்பு அல்லது நடப்புக் கணக்கில் வரும்.

வராதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 2 கோடி வரம்பு. அது ஒரு வங்கிக்கான வரம்பு அல்ல; எல்லா வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் உள்ள கடன்களின் கூட்டுத்தொகை. தாண்டினால் ஒரு ரூபாயும் கிடையாது. பிப்ரவரி 29 அன்று வாராக்கடனாக இருந்த கணக்கு, பயிர்க் கடன், டிராக்டர் கடன், வைப்புத்தொகையின் மேல் வாங்கிய கடன் இவற்றுக்கும் கிடையாது. வீட்டுச் செலவுக்கு வைத்த நகைக்கடனுக்கு உண்டு. தகுதியிருந்தும் வரவில்லை என்றால் கிளையில் எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். இதற்கு விண்ணப்பமே கிடையாது. ஆகவே "சலுகைத் தொகை போடுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று எவன் கூப்பிட்டாலும் அவன் திருடன்.

ஆறு தவணையைத் தள்ளிப்போட்டதற்கு விலை வேறு. மேலே சொன்ன அதே 10 லட்சத்துக்கு இன்னும் 60 தவணை பாக்கி, இஎம்ஐ ரூ.22,244 என்றால், இனி 65 தவணைக்குக் கொஞ்சம் மேலேயே கட்ட வேண்டிவரும். கூடுதலாகப் போவது சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம். வந்தது ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்! கையில் பணம் புரளும்போது இரண்டு மூன்று தவணையை அசலில் கட்டிவிடுவதே எங்கள் யோசனை. "பார்ட் பேமென்ட், அசலில் வரவு வைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் போட்டால் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக நின்றுவிடலாம்.

இனி அவசர விஷயம். தொழில் நடத்துபவர்களுக்கு, ஏற்கெனவே உள்ள கடன் பாக்கியில் 20 சதவீதம் அளவுக்கு அரசு உத்தரவாதத்தில் தரும் அவசரக் கடன் இப்போதைய அறிவிப்புப்படி 2020 நவம்பர் 30 வரைதான். ஒதுக்கிய 3 லட்சம் கோடி அதற்கு முன்பே தீர்ந்தால் அத்தோடு முடிந்தது. புதிய அடமானம் கேட்கக் கூடாது, உத்தரவாதக் கட்டணமும் இல்லை. வட்டி வங்கியில் 9.25, நிதி நிறுவனத்தில் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிப்ரவரி 29 அன்று 60 நாளுக்கு மேல் தவணை நிலுவை இருந்திருக்கக் கூடாது.

தகராறு வருவது 20 சதவீதம் எதற்கு என்பதில். சிசி லிமிட் (தொழிலுக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடனின் வரம்பு) 20 லட்சம் இருந்தாலும், பிப்ரவரி 29 அன்று 6 லட்சம்தான் எடுத்திருந்தீர்கள் என்றால் கிடைப்பது 1 லட்சத்து 20 ஆயிரம். லிமிட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு மேலாளரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. இரண்டு இடத்தில் கடன் இருந்து, முழுத்தொகையையும் ஒரே வங்கியில் வாங்க நினைத்தால், மற்ற வங்கியிடமிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும். அதை வாங்கத்தான் நாள் ஆகும், இன்றே கேளுங்கள்.

முதல் 12 மாதம் அசல் கட்ட வேண்டாம், ஆனால் வட்டி மாதாமாதம் உண்டு. 3 லட்சத்துக்கு 9.25 சதவீதத்தில் மாதம் சுமார் ரூ.2,313. "ஒரு வருஷம் ஒன்றும் கட்ட வேண்டாம்" என்று கணக்கைக் காலியாக விட்டால் 90 நாளில் வாராக்கடன் ஆகிவிடும். பழைய கைமாற்றை அடைக்க வாங்குபவர்களுக்கு இது லாபம்தான். ஆர்டரே இல்லாதபோது கிடைக்கிறதே என்று வாங்கிப் போடுவது வேண்டாம்.

வரும்போது எல்லாக் கடன்களின் பிப்ரவரி 29 ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி சான்று, பான் நகல் எடுத்து வாருங்கள். தீபாவளிக்கு ஒரு நாள் மட்டும் அலுவலகம் விடுமுறை.