எல்பிஏ பயிற்சியை லைனுக்குக் கொண்டுவாருங்கள்: ஆலைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை வட்டாரங்களில் வாகன உதிரிபாக ஆலைகளை நடத்தும் ஆலைத் தலைவர்களுக்கும் தரத் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆலையின் சென்ற மாத எல்பிஏ (லேயர்டு ப்ராசஸ் ஆடிட், லைன் லீடர் முதல் ஆலைத் தலைவர் வரை அடுக்கடுக்காகச் செய்யும் செயல்முறைச் சோதனை) தாள்களை எடுத்துப் பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் "ஆம்" என்றே டிக் விழுந்திருக்கிறதா? அதே மாதத்தில் வாடிக்கையாளர் புகாரும் வந்திருக்கிறதா? அப்படியானால் தாள் நிரம்பியிருக்கிறது, ஆடிட் நடக்கவில்லை. சூப்பர்வைசர்களின் அசட்டைதான் காரணம் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியை முதலில் பாருங்கள். மீட்டிங் ஹாலில் இரண்டு மணி நேரம் ஸ்லைடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கடைசியில் ஒரு சின்னத் தேர்வு, ஒரு சான்றிதழ். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

வாகனத் துறையின் தர மேலாண்மைத் தரமான ஐஏடிஎஃப் 16949-இல் எல்பிஏ என்ற பெயரே கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் போன்ற வாடிக்கையாளர்கள் தங்கள் தனிப்பட்ட தேவைகளில் கேட்பதால் இது ஆலைக்குள் வந்தது. வழிகாட்டி, அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பான ஏஐஏஜி 2005-இல் வெளியிட்டு 2014-இல் திருத்திய சிக்யூஐ-8. வெளியிலிருந்து வந்த காரணத்தாலேயே பல இடங்களில் "கஸ்டமருக்குக் காட்டும் ஃபைல்" ஆகிப்போனது. உண்மையில் வேலை எளிது. லைன் லீடர் ஷிஃப்டுக்கு ஒருமுறை, துறை மேலாளர் வாரம் ஒருமுறை, ஆலைத் தலைவர் மாதம் ஒருமுறை அதே மெஷின் முன்னால் போய் நின்று 10 முதல் 15 நிமிடம் பார்ப்பது. பாகத்தை அளப்பதல்ல வேலை. பாகம் நன்றாக வருவதற்கு என்னென்ன நிலைமை வேண்டும் என்று எழுதிவைத்தோமோ, அவை அந்த நிமிடத்தில் அப்படியே இருக்கின்றனவா என்று பார்ப்பது.

பார்க்கத் தெரிய வேண்டுமானால் முதலில் கேள்வி சரியாக இருக்க வேண்டும். ஸ்பாட் வெல்டிங் ஸ்டேஷனை எடுத்துக்கொள்வோம். "வெல்டிங் டிப் நல்ல நிலையில் உள்ளதா?" என்பது பல தாள்களில் இருக்கும் கேள்வி. அதற்கு யாரும் எப்போதும் "ஆம்" போடலாம். டிப் (தகட்டை அழுத்திக் கரண்ட் பாய்ச்சும் முனை) தேய்ந்து முகத்தின் விட்டம் 6 மி.மீ-லிருந்து 7 மி.மீ ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே கரண்டில் கரண்ட் அடர்த்தி கிட்டத்தட்ட 27 சதவீதம் குறைகிறது. உள்ளே நக்கெட் (தகடுகள் உருகி ஒட்டும் பகுதி) சிறுத்துவிடும். மேலே பார்த்தால் ஸ்பாட் பழையபடியே தெரியும். கண்ட்ரோலரில் ஸ்டெப்பர் கரண்டைக் கூட்டிக் கொடுக்கலாம், ஆனால் அதுவும் டிரெஸ்ஸிங் (டிப் முகத்தைச் சீவிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது) உரிய நேரத்தில் நடக்கும் என்ற கணக்கில்தான் செட் செய்யப்பட்டிருக்கும். எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "கவுண்டரில் உள்ள ஸ்பாட் எண்ணிக்கை, கண்ட்ரோல் பிளானில் (எதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எழுதிய திட்டத் தாள்) டிரெஸ்ஸிங்கிற்குச் சொன்ன எண்ணிக்கைக்குள் இருக்கிறதா?" அடுத்தது: "கேஜை வைத்தால் டிப் முகம் வரம்புக்குள் இருக்கிறதா?" இரண்டையும் ஒரே கேள்வியாக்காதீர்கள். ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் எதைக் குறிப்பார்கள்?

எதிர்மறைக் கேள்வியும் வேண்டாம். "தண்ணீர்க் கசிவு இல்லையா?" என்று கேட்டால் ஒருவர் "ஆம்" போடுவார், இன்னொருவர் "இல்லை" போடுவார். இரண்டு பேரும் கசிவு இல்லை என்றே சொல்லியிருப்பார்கள்.

கேள்விகளைப் பிஎஃப்எம்இஏ-வில் (செயல்முறையில் எங்கே என்ன தவறலாம், விளைவு எவ்வளவு தீவிரம் என்று பட்டியலிடும் ஆவணம்) தீவிரம் அதிகமான வரிகளிலிருந்தும், கண்ட்ரோல் பிளானிலிருந்தும், கடைசியாக வந்த புகார்களிலிருந்தும் எடுங்கள். ஒரு ஸ்டேஷனுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். பயிற்சிக்கு வருபவர்களே தங்கள் ஸ்டேஷனுக்கு மூன்று கேள்வி எழுதிப் பார்க்கட்டும். கேள்வி எழுதத் தெரிந்தவருக்குத்தான் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரியும்.

இனி லைன். ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம், மெஷினைச் சுற்றி நிற்கவே இடம் போதாது. உற்பத்தி நிற்கும் நேரத்தில் ஒரு ஸ்டேஷனில் எட்டுக் குறைகளை நீங்களே வையுங்கள்: காலாவதியான கேலிப்ரேஷன் ஸ்டிக்கர், பழைய ரிவிஷன் வேலைத் தாள், ரிஜெக்ட் பாகங்களைப் போடும், பூட்டில்லாத சிவப்புப் பெட்டி, அடையாளச் சீட்டு இல்லாத ட்ரே, டார்க் டூலில் (போல்ட் முறுக்கும் கருவி) வேறு மாடலின் ப்ரோகிராம் எண், இப்படி. பத்து நிமிடம் கொடுத்து, தனித்தனியாக அனுப்புங்கள். ஆறுக்குக் கீழே கண்டுபிடித்தவருக்கு வேறு ஸ்டேஷனில் இன்னொரு சுற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. வைத்த குறைகளுக்கு எண் போட்ட பட்டியல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பழைய நிலைக்கு வந்ததைத் தரத் துறை சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே லைனை ஓட விட வேண்டும். முக்கியமாக, போகா-யோக்கேயை (தவறு நடக்காமல் மெஷினே தடுக்கும் அமைப்பு) பைபாஸ் செய்து பயிற்சி நடத்தாதீர்கள், மறந்துபோனால் விளைவு கஸ்டமர் லைனில் தெரியும். அதற்குப் பதில் ரிஜெக்ட் மாஸ்டரை (தெரிந்தே குறையோடு வைத்திருக்கும் மாதிரிப் பாகம்) போட்டு மெஷின் நிற்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்து, இரண்டு பேரை ஒரே ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் தனித்தனியே அனுப்பித் தாள்களை ஒப்பிடுங்கள். இடையில் எதுவும் மாறாமலே பதில் மாறினால், பெரும்பாலும் பழுது கேள்வியில்தான் இருக்கும். அதைத் திருத்துங்கள்.

பயிற்சியில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது "இல்லை" என்று எழுதுவதற்குத்தான். குறை கண்ணில் பட்டதும் சரிசெய்துவிட்டு "ஆம்" போடுவது நல்லெண்ணத்தோடு நடக்கும் தவறு. அங்கேயே சரிசெய்திருந்தாலும் "இல்லை" என்றே பதிவாக வேண்டும், பக்கத்தில் "உடனே சரிசெய்யப்பட்டது" என்று குறித்தால் போதும். பதிவாகாத குறை திரும்ப வந்தாலும், திரும்ப வந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, மெஷினைச் சரிசெய்ததோடு வேலை முடிவதில்லை. கடைசியாகச் சரி என்று பார்த்த நேரத்திலிருந்து இப்போது வரை ஓடிய பாகங்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. அவை எந்த ட்ரேயில், எந்தப் பெட்டியில், டிஸ்பாட்சில் எவ்வளவு என்று தேடி நிறுத்தி வைக்கும் ஒத்திகையை ஒருமுறையாவது உண்மையான லாட் எண்ணோடு நடத்துங்கள். ஸ்லைடில் இது வராது.

ஆபரேட்டரிடம் பேசுவதும் பழகவேண்டிய ஒன்று. "டார்க் எவ்வளவு, தெரியுமா?" என்று மிரட்டலாகக் கேட்டால் மனப்பாடப் பதில் வரும். "பாகம் கீழே விழுந்தா என்ன பண்ணுவீங்க, காட்டுங்க" என்றால் கை எங்கே போகிறது என்று பார்க்கலாம். வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கும் லைன்களில், ஆங்கிலத் தாளைத் தமிழில் படித்து இந்தியில் கேட்கும்போது கேள்வியே மாறிவிடுகிறது. தாளைத் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டு, பாகத்தின் படத்தையும் போட்டுவிடுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. மாதாந்திரக் கூட்டத்தில் "ஆம்" பதில்களின் விகிதத்தைப் பார்த்து "எல்பிஏ 98 சதவீதம், ஏன் 100 இல்லை?" என்று நீங்கள் கேட்ட அன்றே, அடுத்த மாதம் 100 வரும் என்பது முடிவாகிவிடுகிறது. அதைக் கேட்காதீர்கள். திட்டமிட்டதில் எத்தனை ஆடிட் நடந்தது, எந்தக் குறை இரண்டாம் முறை வந்தது, திறந்த குறை எத்தனை நாளாக நிற்கிறது, இவற்றைக் கேளுங்கள். காகிதத்தை விட்டு ஆப் போட்டாலும் இது மாறாது. மெஷினில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துவைத்து அறையிலிருந்தே ஸ்கேன் செய்துவிட முடியும்.

நீங்களும் அதே பயிற்சியில், லைன் லீடரோடு, அதே எட்டுக் குறைகளைத் தேடுங்கள். பிறகு உங்கள் மாத ஆடிட்டைக் காலை பத்து மணிக்கு வைக்காமல் சி ஷிஃப்ட் (இரவு ஷிஃப்ட்) தொடங்கும் நேரத்திலோ, மாடல் மாற்றம் முடிந்த கையோடோ வையுங்கள். அன்று நீங்கள் காணும் முதல் "இல்லை"யை உங்கள் கையாலேயே எழுதுங்கள். அந்த ஸ்டேஷனின் லைன் லீடரிடம், சரிசெய்ய என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அவர் கேட்பது ஒரு பூட்டாகவோ ஒரு கேஜாகவோ இருந்தால், அடுத்த ஷிஃப்டுக்குள் அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
வாகன உதிரிபாக ஆலைகளின் செயல்முறை ஆடிட் பயிற்றுநர்கள் சிலர்