அப்பாவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு

சென்னிமலையில் எங்கள் வீதிக்காரர்கள், தறிக்காரச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும். வலது கை ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "அது... அது..." என்று கண் கலங்குவார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று நானே பயந்தேன்.

கோவையில் பார்த்த பேச்சுப் பயிற்சியாளருக்கு முதல் நன்றி. "இது அஃபேசியாங்க. மூளையில இடது பக்கம் அடி. நீங்க பேசறது அவருக்குப் பெரும்பாலும் புரியுது, சொல்லு தான் சிக்க மாட்டேங்குது. குழந்தைகிட்டப் பேசற மாதிரி பேசாதீங்க" என்றார். அன்றுதான் எனக்கு உயிர் வந்தது. டிவியை அணைத்துவிட்டு, 15 நிமிடமாக நாளுக்கு 3 வேளை பழகச் சொன்னார்.

அட்டையில் யானைப் படம் காட்டினால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரோடு தறி ஓட்டிய மாமாதான் ஒரு மஞ்சப்பையில் தறியில் ஓடும் நாடாவும், ஊடை நூல் சுற்றிய தாரும் போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "நா..." என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார். நாடா, தார், பாவு, ஊடை. முதலில் திரும்பி வந்த சொற்கள் இந்தத் தறிச் சொற்கள்தான். எங்கள் பெயர்கள் அப்புறம்தான் வந்தன.

பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் 'மூணு' வராது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து மூணில் நிற்பார். கூடவே உட்கார்ந்து எண்ணிய பக்கத்து வீட்டு அமத்தாவுக்கு நன்றி. வள்ளி கும்மி வாத்தியாருக்கும். தண்ணி கேட்க வாய் வராத மனுசன், அவர் எடுத்துக் கொடுத்ததும் கும்மிப் பாட்டை வரி பிசகாமல் பாடினார். பாட்டு வந்ததால் பேச்சும் வந்துவிடாது, தெரியும். ஆனாலும் அன்று அப்பா சிரித்தார்.

டீக்கடை அண்ணனிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரையில்லாத காபி என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் அப்பா வாயால் சொல்லும்வரை அண்ணன் டம்ளரைக் கையில் எடுக்கமாட்டார். "நோவுக்காரர இப்படி நிக்க வெக்கறீங்களே" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். நானோ வீட்டில் அவர் வாய் திறக்கும் முன்னே எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கூட்டம் நின்றாலும் அவசரப்படுத்தாமல் நீங்கள் கொடுத்த அந்த நேரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா.

போனில் பேச அப்பாவுக்கு இன்னும் சிரமம், முகம் பார்த்தால்தான் வார்த்தை வருகிறது. சாயங்காலம் திண்ணையில்தான் இருப்பார். வாங்க, கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு வாங்க.