ஊட்டியில் பறக்க வேண்டியதை ஊட்டியில் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். மலை மாவட்டக் காவல்துறைக்குச் சிறிய ஆளில்லா கண்காணிப்பு விமானம் கட்டித் தருவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தோம். எடை 2 கிலோ, கையால் வீசியே கிளப்பலாம், ஒன்றரை மணி நேரம் பறக்கும் என்று அதில் இருந்தது. கீழே மேட்டுப்பாளையத்தில் இது நடக்கும். மேலே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நடக்காது. காரணம் காற்று.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 டிகிரி வெயில் நாளில் அங்கே ஒரு கன மீட்டர் காற்று 0.92 கிலோ எடை இருக்கும். 30 டிகிரி சென்னையில் அதுவே 1.16 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 மீட்டர் நீள இறக்கை, 0.4 சதுர மீட்டர் பரப்பு, 2 கிலோ எடை கொண்ட விமானம் சென்னையில் நொடிக்கு 8.4 மீட்டர் வேகம் இருந்தால் காற்றில் நிற்கும். ஊட்டியில் 9.4 வேண்டும். ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தோள்வலு உள்ள ஒருவர் நாலடி ஓடிவந்து வீசினாலும் கையை விட்டுப் போகும் வேகம் 8, 9 மீட்டர்தான். மெரினா மணலில் மேலேறிய அதே விமானம் ஊட்டியில் பத்தடி போய் மூக்குக் குத்தும். புரொப்பெல்லர் உடைந்து, மோட்டார் பிடித்திருக்கும் பலகையும் பெயர்ந்து வரும்.

மெலிந்த காற்றில் புரொப்பெல்லர் தரும் இழுவிசை குறைவதற்கு மட்டும் எளிய வழி உண்டு. 11 அங்குல புரொப்பெல்லர் இருந்த இடத்தில் 12 அங்குலம் போட்டால் போதும், மோட்டாரை மாற்ற வேண்டாம். போட்டபின் ஆம்பியர் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்பீடு கன்ட்ரோலரின் மேல் 40 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 30-ஐத் தாண்ட விடாதீர்கள், மெலிந்த காற்றில் அதன் சூடு தணியாது.

கிளப்புவதைவிட இறக்குவதுதான் பெரும் பாடு. வயிற்றால் வழுக்கி இறங்கும் விமானத்துக்கு மரமில்லாத, மேடுபள்ளமில்லாத எழுபது எண்பது மீட்டர் இடம் வேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அப்படி ஓரிடம் இருந்தால் அதில் ஏற்கெனவே பஸ் நிற்கும். தேயிலைத் தோட்டம் மேலிருந்து பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். கவாத்து செய்த செடியில் இறக்கிப் பாருங்கள், வெட்டிய தண்டின் கூர்முனைகள் ஃபோம் வயிற்றை நீளமாகக் கிழித்து உள்ளே பேட்டரி வரை போகும்.

ஆகவே மலைக்கு ஏற்றது, நாலு மோட்டாரால் நேராக எழும்பி, ஐந்தாவது மோட்டாரால் இறக்கை விமானமாகப் பறந்து, மறுபடி நேராக இறங்கும் வகை. ஒரு ஜீப் நிற்கும் இடம் இருந்தால் போதும். இதற்கு விலை எடையில் கொடுக்க வேண்டும். நாலு மோட்டார், நாலு கன்ட்ரோலர், கார்பன் குழாய் எல்லாம் சேர்ந்து 700 கிராம் கூடும். 2 கிலோ 2.7 ஆகும். டிரோன் விதிகள் 2021-இன்படி 2 கிலோவைத் தாண்டியதும் மைக்ரோ வகை போய் அடுத்த வகைக்கு வந்துவிடும். அந்த விதிகள் முப்படைகளுக்குத்தான் பொருந்தாது, காவல்துறைக்குப் பொருந்தும்.

பேட்டரியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நேராக எழும்பும்போது இந்த விமானம் சுமார் 500 வாட் இழுக்கும். நாலு செல் தொடராக, அப்படி இரண்டு இணையாக என்று எட்டு லித்தியம் அயான் செல் போட்டால், ஒவ்வொரு செல்லும் 17 ஆம்பியர் தர வேண்டும். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவு என்று விற்கும் செல்கள் பெரும்பாலும் 10 ஆம்பியருக்கு மேல் தாங்காது. வோல்ட் சரிந்து, முப்பது அடி உயரத்தில் மின்சாரம் போதாமல் கல் மாதிரி விழும். வேகமாக மின்சாரம் தரும் 4.2 ஆம்பியர்-மணி செல்தான் வேண்டும். அப்படியானால் மொத்த ஆற்றல் 121 வாட்-மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால் 97. ஏறவும் இறங்கவும் மூன்று நிமிடம் என்றால் 25 போகும். மிச்சம் 72-ஐக் கொண்டு 115 வாட்டில் பறந்தால் 37 நிமிடம். ஒன்றரை மணி நேரம் எங்கே போனது என்று இப்போது தெரிந்திருக்கும். ஊட்டியின் நீர்ப்பனிக் காலையில் இதுவும் குறையும். பேட்டரியைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கதகதப்பாகவே கொண்டுபோய், கிளப்பும் முன்தான் மாட்ட வேண்டும்.

இனி மென்பொருள். பலரும் பயன்படுத்தும் ஆர்டுபைலட் என்ற தானோட்டி மென்பொருளில், தொடர்பு அறுந்தால் விமானம் தானாகத் திரும்பி வரும்படி அமைக்கலாம். திரும்பும் உயரத்தை நாம் மாற்றாவிட்டால் 100 மீட்டர், அதுவும் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கு. சமவெளியில் கவலையில்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் கிளப்பினால் இருபுறமும் சரிவு நூற்றுக்கணக்கான மீட்டர் எழும்பி நிற்கிறது. இடையில் ஒரு முகடு இருந்தால் விமானம் மிக ஒழுங்காக, நேர்கோட்டில் வந்து அதில் மோதும். நிலப்பரப்பைத் தொடர்ந்து பறக்கும் வசதியைக் கட்டாயம் இயக்கி, அந்தப் பகுதியின் உயரக் கோப்பை முன்கூட்டியே மெமரி கார்டில் ஏற்றியிருக்க வேண்டும். அந்தக் கோப்பையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. அதன் அடிப்படை 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவு. அதன்பின் வளர்ந்த கற்பூர மரமோ நட்ட செல்போன் கோபுரமோ அதில் இல்லை. பைக்காரா, குந்தா மின்நிலையங்களின் உயர்மின்கம்பிகள் பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டும் இடங்களை வரைபடத்தில் கையால்தான் குறிக்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் 120 மீட்டர் தரையிலிருந்து கணக்கு என்பதால் ஒரேயடியாக உயரே போய்த் தப்பிக்கவும் வழியில்லை.

மூடுபனியை எல்லோரும் கேமராவுக்குப் பகை என்கிறார்கள். அதற்கு முன்னால் அது பகைப்பது வேகம் அளக்கும் பிட்டோ குழாயை. குழாயிலிருந்து சென்சாருக்குப் போகும் சிலிகான் டியூப் நடுவில் தொய்ந்திருந்தால் அங்கே ஒரு சொட்டு நீர் நின்றுவிடும், அது போதும். வேகம் குறைவு என்று சென்சார் பொய் சொன்னால் விமானம் மூக்கைக் கீழே தள்ளும். அதிகம் என்று சொன்னால் மோட்டாரைக் குறைத்துத் தானே விழும். குழாய் இறக்கைக்குக் கீழே, சென்சார் மேலே, டியூப் முழுக்க ஏறுமுகமாக இருக்கட்டும். கிளப்பும் முன் வாயால் ஊதிச் சோதிக்காதீர்கள், மூச்சின் ஈரமே உள்ளே போகும். விரல்நுனியால் முனையை அழுத்தினால் எண் ஏற வேண்டும், எடுத்ததும் இறங்க வேண்டும். சர்க்யூட் போர்டுகளுக்கு ஈரம் தாங்கும் பூச்சு அடிக்கும்போது காற்றழுத்த சென்சாரின் ஊசித்துளை மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். துளை அடைபட்டால் உயரக் கணக்கே போயிற்று.

சூட்டைப் படமாக்கும் தெர்மல் கேமரா மூடுபனியை ஊடுருவும் என்பது விற்பவர்கள் பரப்பும் கதை. அடர்ந்த பனியில் அதற்கும் கண் தெரியாது. சோலைக்காட்டின் இலைக்கூரைக்குக் கீழே இருப்பவரையும் அது காட்டாது. பொட்டல் புல்வெளியிலும் தேயிலைச் சரிவிலும்தான் அதற்கு வேலை, அதுவும் விடிவதற்கு முன். மாலையில் வெயில் குடித்த பாறைகள் எல்லாமே மனிதராகத் தெரியும். மலிவான 256-க்கு 192 புள்ளி சென்சாரும் 3.5 மில்லிமீட்டர் லென்ஸும் போட்டால், 100 மீட்டர் உயரத்தில் படத்தின் ஒரு புள்ளி தரையில் 34 சென்டிமீட்டர். காணாமல் போனவர் இரண்டு புள்ளி அகலத்தில் தெரிவார். அது ஆளா, கடமானா என்று யாரும் சொல்ல முடியாது. 640-க்கு 512 சென்சாரும் 13 மில்லிமீட்டர் லென்ஸும் என்றால் புள்ளி 9 சென்டிமீட்டர், கை கால் பிரிந்து தெரியும். காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

விமானத்துக்கும் தரைக்கும் தொடர்பு தரும் ரேடியோவில் ஒரு சங்கடம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அமெரிக்காவுக்கானது. இங்கே அதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பக்கத்தில் உரிமம் வாங்காமல் பயன்படுத்தக் கூடியது 865 முதல் 868 வரை. சட்டத்தைக் காக்கும் துறையின் விமானம் சட்டவிரோத அலைவரிசையில் பறந்தால் சிரிப்பார்கள். எந்த அலைவரிசையானாலும் முகட்டுக்குப் பின்னால் சிக்னல் போகாது. கட்டுப்பாட்டு ஜீப் ஸ்டேஷன் வாசலில் நிற்காமல், இரு பள்ளத்தாக்கும் தெரியும் மேட்டில் நிற்க வேண்டும்.

வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலைக் காடு ஆகியவற்றின் பக்கம் எழுத்தில் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் சரிவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. குளியலறைக்குக் கூரை இல்லாத வீடுகளும் உண்டு. அந்த இடங்களைக் கடக்கும்போது கேமரா பதிவு தானாக நிற்கும்படி வரைபடத்திலேயே குறித்துவிடலாம், அதற்கு அரை நாள் வேலைதான். எந்தப் பதிவை யார் எப்போது பார்த்தார் என்ற பட்டியலும் விமானத்துடன் சேர்ந்தே வர வேண்டும்.

விமானத்தை யார் கட்டினாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சோதனை ஓட்டம் ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில், ஜனவரி மாதம், காலை ஆறு மணிக்கு. முழுக் கேமராவுடன் ஜீப் பக்கத்திலிருந்து எழும்பி, 35 நிமிடம் பறந்து, பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சத்துடன் அதே இடத்தில் இறங்கினால் பணம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
சிறு விமானங்கள் கட்டிப் பழுதுபார்க்கும் வாசகர்கள்,
குன்னூர்