அந்தியூருக்குக் கிளம்பும் சேலத்துத் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

ஆனி பிறந்துவிட்டது. அடுத்து ஆடி. குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போக உங்களில் பாதிப் பேர் இப்போதே பணம் புரட்டத் தொடங்கியிருப்பீர்கள். போன வருடம் அந்தியூரிலிருந்து நம் ஊருக்கு வந்த குதிரைகளில் சிலவற்றை நான் அறிவேன். அம்மாப்பேட்டைப் பக்கம் இறங்கிய ஒரு வெள்ளைக் குதிரை ஒரே வருடத்தில் மூன்று கை மாறிவிட்டது. கடைசியாக வைத்திருந்த பையன் என்னிடம் வந்து, "சரிப்படாதுண்ணா, முரட்டுக் குதிரை" என்றான். போய்ப் பார்த்தேன். முரடெல்லாம் இல்லை, பயந்துபோயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். நான் கன்னங்குறிச்சியில் இரண்டு குதிரைகளை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்ல வரவில்லை. உங்களைவிட அதிகமாகத் தப்புச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து வயதில் ராசாத்தி என்று ஒரு செவலைப் பெட்டை வைத்திருந்தேன். மூக்கனேரிக் கரையில் ஒரு மதகு, அதன் அடியில் தண்ணீர் சலசலக்கும். முதல் நாள் அங்கே நின்றுவிட்டாள். உதைத்தேன், சாட்டையால் தட்டினேன், கத்தினேன். பத்து நிமிடத்தில் எனக்குக் கை ஓய்ந்தது. சனியனே என்று இறங்கி, கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. நான்காம் நாள் மதகுக்கு ஐம்பது அடி முன்னாலேயே நின்றாள். இரண்டு வாரம் போனதும் லாயத்து வாசலைத் தாண்டவே மாட்டேன் என்றாள். ஊரெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அப்பாதான் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அவ நின்னா நீ என்னடா பண்றே?" இறங்கிடுவேன் என்றேன். "அப்ப நிக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?"

குதிரைப் பழக்கம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கடிவாள வாரை இழுக்கிறீர்கள், காலால் விலாவை அழுத்துகிறீர்கள். அதெல்லாம் குதிரைக்குத் தொந்தரவு மட்டும்தான். அந்தத் தொந்தரவு எந்த நொடியில் நிற்கிறதோ, அந்த நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைத்தான் அது மனதில் வைத்துக்கொள்ளும். ஒரு அடி முன்னால் வைத்ததும் வாரைத் தளர்த்தினால், முன்னால் போவது நல்லது என்று படிக்கும். தலையை உதறியதும் தளர்த்தினால், உதறப் படிக்கும். இரண்டு நொடி தாமதித்தால் வேறு பாடம். ராசாத்தியை நான் மாற்ற ஐந்து மாதம் ஆனது. அவள் நிற்பதற்குப் பத்தடி முன்பே நானாக நிறுத்துவேன். கழுத்தைச் சொறிந்துகொண்டு சும்மா நிற்பேன். அவள் தலையைத் தாழ்த்தி மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடுவாள். அது வந்ததும் திரும்பிவிடுவேன். மறுநாள் இன்னும் இரண்டு எட்டு. கெடுக்க இரண்டு வாரம், சரி செய்ய ஐந்து மாதம். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு அந்த ஐந்து மாதம் கிடையாது. ஆடியில் வாங்கி ஆவணியில் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறீர்கள். செண்டை மேளம், ஜெனரேட்டர், பத்தாயிரம் வாலா, முகத்துக்கு நேரே மொபைல் வெளிச்சம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாமே அதற்குத் தெரியும். தெரியாதது இரண்டே இடம்: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால். நாம் சரியாக அந்த இரண்டு இடத்திலும் போய் நிற்கிறோம். நெற்றியைத் தடவக் கை நீட்டுகிறோம், பின்னாலிருந்து போட்டோ எடுக்கிறோம். துள்ளினால் முரடு என்று பெயர்.

மேளத்துக்குப் பழக்க ஒரு வழி உண்டு, செலவும் இல்லை. கோயிலில் மேளம் கேட்கிற நாளில் இருநூறு அடி தள்ளி நிறுத்துங்கள். காது விறைக்கிறதா? இன்னும் தள்ளுங்கள். புல்லைக் கடிக்கிற அளவுக்கு நிதானம் வந்ததும், நிதானமாக இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். பயந்து துள்ளுகிற சமயத்தில் கூட்டிப் போனால் என் மதகுக் கதைதான். மறுமுறை நூற்றெண்பது அடி. தவிலுக்கு ஆடும் குதிரையைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. இருபது நாளில் ஆட வைத்துத் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், அதன் முன்னங்காலைக் குனிந்து பாருங்கள். தழும்பு இருக்கும்.

அப்புறம் இன்னொரு விஷயம். உங்கள் குதிரைகளுக்கு முதலாளி ஒருவர் இல்லை, நான்கு பேர் சேர்ந்து வாங்குகிறீர்கள். ஒருவன் "ஹோ" என்றால் நில் என்று அர்த்தம், இன்னொருவன் அதே "ஹோ"வைச் சொல்லி விரட்டுகிறான். ஒருவன் கையில் வெல்லத்தை வைத்து ஊட்டுவான். அடுத்தவன் வெறுங்கையோடு வர, அது வெல்லம் தேடிக் கையைக் கடிக்க, பொளேர் என்று ஓர் அறை. பாவம், அது யாரிடம் போய்ச் சொல்லும்? தோலில் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்க்கத் தெரிந்த பிராணி அது. பெர்லினில் நூறு வருடத்துக்கு முன்பு ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. 1907-இல் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் துளி அசையும், அதைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறது. அவ்வளவு நுணுக்கமாக நம்மைப் படிக்கிற குதிரையிடம் நான்கு பேர் நான்கு பாஷை பேசக் கூடாது. லாயத்துச் சுவரில் நான்கு சொல்லை எழுதி ஒட்டுங்கள்: நட, ஓடு, நில், பின்னால் போ. எல்லோரும் அதையே சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் அடிவாரம் ரோட்டில் பைக்கோடு தார்மேல் விரட்டுவது பழக்கம் அல்ல, கால்தான் கெடும்.

முள் கடிவாளம் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். 1965-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே அதற்குத் தடை உண்டு. வைத்திருப்பவர்கள் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

வாங்கும்போது சுழி பார்க்கிறீர்கள். பாருங்கள், நான் தடுக்கவில்லை. என் அப்பாவும் பார்த்தார். கூடவே வாயையும் திறந்து பாருங்கள். முன்வரிசையில் நடுப்பல் ஜோடி விழுந்து முளைப்பது இரண்டரை வயதில், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஓரத்தில் இன்னும் சின்னப் பால்பல் இருந்தால் அதற்கு நாலரை ஆகவில்லை, தரகர் என்ன சத்தியம் செய்தாலும் சரி. முதுகெலும்பு முற்றி முடிய ஐந்தரை, ஆறு வயது ஆகும். அதற்குள் மாப்பிள்ளையையும் துணை மாப்பிள்ளைக் குழந்தையையும் சேர்த்து ஏற்றினால் முதுகு என்ன ஆகும்? குட்டியை வாங்குகிறவர்கள் முதல் வருடம் ஏறவே வேண்டாம். முகக்கயிறு போட்டு நடத்துங்கள், குளம்பைத் தூக்கிக் காட்டப் பழக்குங்கள், லாடக்காரர் உங்களை வாழ்த்துவார்.

பல் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சந்தைக்கு நானே வருகிறேன். பஸ் சார்ஜ் என் பொறுப்பு. பவானியில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தால் போதும். அந்த வெள்ளைக் குதிரையை இப்போதைக்கு என் லாயத்தில் கட்டியிருக்கிறேன். காலை ஆறு மணிக்குக் கரைமேல் நடக்கிறோம், நேற்றுத்தான் மதகுக்கு முப்பது அடி வரை வந்தது. பார்க்க வருகிறவர்கள் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள். வெல்லம் வேண்டாம்.

இப்படிக்கு,
கன்னங்குறிச்சி ஜட்காக்காரர் மகன்